கின்ஜி டீ குடிக்கும் இடம்

மழைக்கு ஒதுங்கத்தான் நிஷிவாக்கி மிசாவோ அந்த கேம் சென்டருக்குள் நுழைந்தாள். ஒசாகாவின் உமேதா ரயில் நிலையத்தை ஒட்டிய நிலத்தடிக் கடைவீதியில் அது ஒரு பெரிய கூடம், பெரிய இரைச்சல். குடையை உதறிவிட்டு நிமிர்ந்தபோது, அலுவலகச் சீருடையில் ஒரு பெண் மதிய இடைவேளையை 'கூரைமேல் கின்ஜி'யில் கழித்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. சரி, நம்ம ஆட்டம்தானே என்று பின்னால் போய் நின்றாள்.

கின்ஜி பழைய எடோ காலத்துத் தீயணைப்பு வீரன். கூரை விட்டுக் கூரை தாவுவான், ஏணியில் ஏறுவான், தீப்பொறிகளை மிதித்து அணைப்பான். நாலாவது கட்டத்தில் அரிசிக் கிடங்கு வரும். தரை முழுக்கத் தணல், தலைக்கு மேலே எரிகிற உத்தரம். தாவினால் தலை உத்தரத்தில் இடித்துச் சாவான், தாவாவிட்டால் கால் வெந்து சாவான். அந்தப் பெண் கிடங்குக்கு வந்ததும் பொத்தானைத் தொட்டும் தொடாமலும் தட்டினாள். கின்ஜி குட்டியாக ஒரு தாவல் தாவினான். மறுபடி ஒரு தட்டு, மறுபடி ஒரு குட்டித் தாவல். உத்தரத்தில் இடிக்காமல், தணலில் கால் படாமல், சேற்றைத் தாண்டுகிறவன் போல அந்தப் பக்கம் போய்விட்டான்.

கையிலிருந்த குடை கீழே விழுந்ததுகூட மிசாவோவுக்குத் தெரியவில்லை.

"மன்னிச்சுக்கங்க. இப்ப என்ன பண்ணீங்க?"

"எங்க?"

"கிடங்குல."

"லேசாத் தட்டினேன். லேசாத் தட்டினா சின்னதாத் தாவுவான், அழுத்திப் பிடிச்சா பெருசாத் தாவுவான்." அந்தப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஏங்க, ஆட்டத்துக்குப் புதுசா?"

புதுசுதான். அந்த ஆட்டத்தை வீட்டு டிவியில் இணைக்கும் பெட்டிக்காக முழுக்க முழுக்கத் திரும்ப எழுதி, கேசட்டாகப் போடக் கொடுத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எழுதியவள் மிசாவோ. அவள் எழுதிய கின்ஜிக்கு ஒரே ஒரு தாவல்தான் தெரியும். பெரிய தாவல்.

இப்படியும் ஒரு தப்பு நடக்குமா என்று கேட்பவர்கள் ஷோவா அறுபதில், அதாவது 1985-ல், ஒசாகாவில் இல்லாதவர்கள். ஜூசோ கடைத்தெருவில் ஆக்டோபஸ் துண்டு வைத்து மாவு உருண்டை சுடும் ஒரு தாகோயாகிக் கடைக்கு மேலே, மாடியில், கொதானி என்பவர் ஐந்து பேரை வைத்து ஒரு கம்பெனி நடத்தினார். டோக்கியோவில் இருக்கிற பெரிய கம்பெனிகளுக்கு ஆட்டம் எழுதிக் கொடுப்பது தொழில். பெட்டியின் மேல் கொதானி பெயர் வராது, ஆட்டத்தின் முடிவில் ஓடும் பெயர்களிலும் வராது. யாருக்கு எழுதினோம் என்று வெளியே மூச்சு விடவும் கூடாது. மிசாவோ அங்கே சேர்ந்தபோது அவள் அம்மா அக்கம்பக்கத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், மகள் கால்குலேட்டர் கம்பெனியில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்தாள்.

கின்ஜி வேலை வந்தபோது டோக்கியோக்காரர்கள் மூல நிரலைத் தரவில்லை. ரகசியமாம். ஒரு இயந்திரத்தையாவது அனுப்புங்கள் என்றால், அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. கடைசியில் போனில், "பக்கத்து கேம் சென்டர்ல பாத்துக்கங்களேன்" என்று வைத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பாதி கேசட்டுகள் இப்படித்தான் பிறந்தன. கண்ணால் பார்த்து, கையால் ஆடி, திரும்ப எழுதுவது. மிசாவோ அதில் கெட்டிக்காரி. ஒரு ஓடு எத்தனை புள்ளி அகலம் என்பதைத் திரைமேல் விரலை வைத்தே சொல்லிவிடுவாள்.

அவள் பார்த்த இயந்திரம், தெருக்கோடியில் சாக்காதேயின் கடையில் இருந்தது. சாக்காதே ஐம்பதைத் தாண்டிய மனிதர், எப்போதும் கழுத்தில் ஒரு துண்டு. வருகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பார். ஒருத்தர் 'மொட்டைமாடி', ஒருத்தர் 'அரைக்கால்', மிசாவோ 'சோடாம்மா'. அவள் அங்கே தினமும் பச்சை மெலன் சோடா குடிப்பாள். அதனால் அந்தப் பெயர் என்று நினைத்து அவளும் பேசாமல் இருந்தாள்.

அந்தக் கடையில் கிடங்கைக் கடக்க ஒரு முறை இருந்தது. கின்ஜியை ஏணியின் நடுவில் நிறுத்திவிட வேண்டும். லீவரை விட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஆடுகிறவர் "டீ" என்பார். உடனே சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் கையில் இருக்கிற டப்பாவையோ கோப்பையையோ தூக்கி ஒரு வாய் குடிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இடது பக்கமிருந்து ஒரு தண்ணீர்ப் பீப்பாய் ஏணிக்கு அடியில் உருண்டு வரும். உருளும் வழியில் தணலை எல்லாம் அணைத்துக்கொண்டே போகும். அதன் பின்னாலேயே இறங்கி ஓடினால் கிடங்கு முடிந்தது. டாக்சி ஓட்டுகிறவர், மீன்கடைக்காரர், யாராக இருந்தாலும் கிடங்கில் டீதான்.

மிசாவோ இதைப் பார்த்துச் சொக்கிப்போனாள். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் யாரோ பெரிய மனசுக்காரர், அவசரப்படுகிறவனைக் கொன்றுவிட்டுக் காத்திருக்கிறவனைக் காப்பாற்றுகிறார் என்று கொதானியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். தன் கேசட்டில் ஒரு சின்னச் சேர்க்கையும் செய்தாள். ஏணியில் நிற்கும் கின்ஜியைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டால், அவன் படியில் உட்கார்ந்து மடியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து டீ குடிப்பான். அசல் ஆட்டத்தில் இல்லாத அந்த ஒன்றைத்தான் அவள் தன் சொந்த வேலை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இயந்திரத்தை அத்தனை முறை பார்த்தவள், இன்னொரு இயந்திரத்தை ஒரே ஒரு முறை போய்ப் பார்க்கவில்லை.

உமேதாவிலிருந்து நனைந்துகொண்டே திரும்பினாள். கொதானி பல்குச்சியில் தாகோயாகியைக் குத்தி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"முதலாளி, கின்ஜி தப்பு."

"என்ன தப்பு? கலர் மாறிப்போச்சா?"

"அவனுக்குக் குட்டித் தாவல்னு ஒண்ணு இருக்கு. நம்ம கேசட்ல இல்ல."

பல்குச்சி பாதி வழியில் நின்றது. தாகோயாகி நழுவி மேசைமேல் விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"வேற?"

"இப்ப உங்களுக்கு."

"அப்ப யாருக்கும் தெரியாது. உக்காந்து துண்டால தலையத் தொடைச்சுக்க."

"முதலாளி—"

"திங்கக்கிழமை அச்சுப் போட ஆரம்பிக்கறான். இப்பப் போயி தப்புன்னு சொன்னா, அதோட டோக்கியோக்காரன் நம்மளைக் கைகழுவிடுவான். அஞ்சு பேரும் கீழ கடைல போய் மாவு கரைக்க வேண்டியதுதான். கரைப்பியா?"

"கரைப்பேன்."

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல."

"ஒரு குழந்தை இதை வாங்கும் முதலாளி. கேம் சென்டர்ல லேசாத் தட்டிப் பழகின கை, வீட்டுலயும் அப்படித்தான் தட்டும். கின்ஜி எரிஞ்சு சாவான். திரும்பத் திரும்பச் சாவான். மெஷின் தப்புன்னு அது நினைக்காது. தன் கைதான் மோசம்னு நினைச்சுக்கும்."

கொதானி மேசையில் கிடந்ததை எடுத்து வாயில் போட்டு மென்றார். மெல்லுகிற சத்தத்திலேயே அவருடைய முடிவு தெரிந்தது.

மறுநாள் காலை முதல் புல்லட் ரயிலில், யாரிடமும் சொல்லாமல், கேசட்டின் மாதிரியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மிசாவோ டோக்கியோ போனாள். தான் செய்வது ஐந்து பேர் சோற்றில் மண்ணைப் போடுகிற காரியம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கின்ஜியை உருவாக்கியவர் ஹிராகா என்று ஒருவர். பெரிய மனசுக்காரர் என்று அவள் கற்பனை செய்து வைத்திருந்த நரைத்த தலைக்குப் பதிலாக, அவள் வயதே இருக்கும் ஒல்லிப்பிச்சான் ஒருவன் ரப்பர் செருப்போடு வந்து நின்றான். கேசட்டை வாங்கிப் பெட்டியில் செருகினான். அதுவரை அவன் அதைப் பார்த்திருக்கவே இல்லை. வேறு ஆட்டத்தில் போட்டுவிட்டார்களாம். சரிபார்க்க வேண்டியவர்களோ முதல் இரண்டு கட்டம் ஆடிப் பார்த்து முத்திரை குத்திவிட்டார்கள்.

கிடங்கு வந்தது. ஹிராகா லேசாகத் தட்டினான். கின்ஜி எகிறி உத்தரத்தில் மோதி எரிந்தான். மறுபடி தட்டினான். மறுபடி எரிந்தான். மூன்றாவது முறை அவன் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னோட குட்டித் தாவல் எங்கங்க?"

"இல்லைங்க." மிசாவோ தலையை முழங்கால் வரை தாழ்த்தினாள். "அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. என் தப்புதான்."

"ஆட்டமே அதுதாங்க. அந்த ஒரு தாவல் கைக்கு வரணும்னு ஆறு மாசம் மல்லுக்கட்டினேன்." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அது இல்லாம கிடங்கை எப்படித் தாண்டுவீங்க?"

"டீ குடிச்சு."

தன் காதில்தான் ஏதோ கோளாறு என்பது போல ஹிராகா அவளைப் பார்த்தான். மிசாவோ கைப்பிடியை எடுத்தாள். கின்ஜியை ஏணியில் நிறுத்திக் கையை எடுத்தாள். கின்ஜி உட்கார்ந்தான், கோப்பையை எடுத்தான், குடித்தான். பீப்பாய் உருண்டு வந்தது. அதன் பின்னால் இறங்கி ஓடிக் கிடங்கைக் கடந்தான்.

ஹிராகாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"அந்தப் பீப்பாய் சும்மா நிக்கிறவனைக் கொல்றதுக்கு வெச்சது."

"கொல்லவா?" இப்போது அதிர்ந்தது மிசாவோ. "காப்பாத்த வருதுன்னு இல்ல நாங்க அத்தனை பேரும் நினைச்சோம்."

"அத்தனை பேருமா? எத்தனை பேரு?"

"சாக்காதே கடைல எல்லாரும்."

அவன் செருப்பைக் கழற்றி ஷூவை மாட்டினான். "நிறுத்தறதா விடறதான்னு நாளைக்குள்ள ஃபாக்டரிக்கு நான் சொல்லணும். அதுக்கு முன்னாடி அந்த மெஷினைப் பாக்கணும்," என்றான். ரயிலில் அவன் பெட்டிச் சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் தின்றான். அவளுக்கு டீ கூட இறங்கவில்லை.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை வெயில் கடைத்தெருவில் சாய்ந்திருந்தது. டாக்சிக்காரர் ஆடிக்கொண்டிருந்தார், நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். கிடங்கு வந்தது. "டீ," என்றார் டாக்சிக்காரர். எல்லாக் கைகளும் ஒன்றாக எழுந்தன, எல்லாரும் ஒரு வாய் குடித்தார்கள். ஹிராகா திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனவன் போல முழித்தான்.

அவன் முறை வந்தது. உட்கார்ந்தான். முதல் மூன்று கட்டத்திலும் அவன் கை ஓடிய வேகத்தைப் பார்த்துக் கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. கிடங்கு வந்தது. லேசாகத் தட்டினான். கின்ஜி எகிறி உத்தரத்தில் மோதி எரிந்தான்.

"தம்பி டோக்கியோவா?" என்றார் டாக்சிக்காரர். "அதான் இந்த அவசரம். அங்க டீ குடிக்கணும் தம்பி. இது தெரியாம ஆட வந்துட்டாரு."

தான் பெற்ற பிள்ளையே தன்னைத் தெரியாது என்று சொன்னால் முகம் எப்படி ஆகும், அப்படி ஆனது ஹிராகாவின் முகம். அவன் குனிந்து பொத்தானை அழுத்தினான். அழுத்திவிட்டு விரலை எடுத்தான். பொத்தான் உடனே எழவில்லை. சோம்பல் முறித்துக்கொண்டு மெல்ல மேலே வந்தது.

"பொத்தான் ஒட்டுது. நீங்க லேசாத் தட்டினாலும் அது கீழயே நிக்குது. அதான் எப்பவும் பெரிய தாவல்."

"அது வந்த அன்னிலேருந்தே அப்படித்தான்," என்றார் சாக்காதே, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

"வந்த அன்னிலேருந்தா? ஏன் சரி பண்ணல?"

"எதுக்கு? எல்லாரும் நல்லாத்தானே ஆடறாங்க. தவிர, தொறந்து நோண்டினா அந்தப் பொண்ணுக்குச் சங்கடமா இருக்கும்."

"எந்தப் பொண்ணு?"

சாக்காதே தாடையை மிசாவோ பக்கம் அசைத்தார். "நம்ம சோடாம்மாதான்."

மிசாவோவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இயந்திரம் புதிதாக வந்து இறங்கிய நாள். கடை கொள்ளாத கூட்டம். எட்டிப் பார்க்க முண்டியடித்தபோது யாரோ முழங்கையால் இடித்தார்கள், கையிலிருந்த பச்சைச் சோடா பொத்தான்மேல் கொட்டியது. கைக்குட்டையால் அவசரமாகத் துடைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நழுவி வந்துவிட்டாள். அன்றே மறந்தும் போனாள். இந்த வேலை வந்ததெல்லாம் அதற்குப் பல மாதம் கழித்து.

"நான் தினமும் சோடா குடிக்கறதால இல்லையா அந்தப் பேரு?" தன் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அடப் பாவமே. இங்க வர்றவன்ல பாதிப் பேரு சோடாதான் குடிக்கறான். கொட்டினது நீ ஒருத்திதான்."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பொத்தானைக் கெடுத்தது அவள். கெட்ட பொத்தானால் பிறந்தது டீ. அந்த டீயைப் பார்த்து ஆட்டத்தின் உயிரே அதுதான் என்று மெச்சி, கேசட்டில் ஏற்றி, பெருமைப்பட்டதும் அவள். ஊரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தபோது அழுகை வரும் என்று பார்த்தாள். அழுகை வரவில்லை. அத்தனை திகைப்பு.

ஹிராகா கடைக்காரரிடம் திருப்புளி கேட்டு வாங்கிப் பலகையைத் திறந்தான். பொத்தானைச் சுற்றிப் பச்சையாகப் பாகு இறுகிப்போயிருந்தது. ஸ்பிரிட் இல்லை என்று சாக்காதே தன் ஷோச்சு சாராயப் புட்டியை நீட்டினார். அதில் துணியை நனைத்துத் துடைத்து மாட்டியதும் பொத்தான் டக்கென்று எழுந்தது. ஹிராகா உட்கார்ந்தான். கிடங்கில் கின்ஜியைக் குட்டிக் குட்டியாகத் தாவவிட்டு அந்தப் பக்கம் கொண்டுபோனான்.

"இது என்ன ஏமாத்து வேலை?" என்றார் டாக்சிக்காரர். அவனை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தார். முதல் கட்டத்திலேயே இரண்டு கூரைகளுக்கு நடுவில் விழுந்து செத்தார். பழைய கை, புதிய பொத்தான். மறுபடி விழுந்தார். "யாருய்யா இதைக் கெடுத்தது? நல்லா இருந்த மெஷினு."

ஹிராகா கடை வாசலில் இருந்த சிவப்பு போனுக்குப் போனான். மிசாவோவுக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது. கீழே மாவு கரைக்கும் கொதானி, கூடவே தான், மற்ற நாலு பேர், எல்லாரும் அந்த முதுகில் வரிசையாக நிற்பது போல இருந்தது. அவன் போனை வைத்துவிட்டு வந்தான்.

"நிறுத்திட்டேன்."

அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்ய.

"உங்க முதலாளி பேருக்கு ஒண்ணும் வராது. சரிபாத்தவங்க ஒழுங்காப் பாக்கலன்னு சொல்லிருக்கேன், அது நிஜம்தானே. மாச முடிவு வரைக்கும் நேரம் குடுத்திருக்காங்க. குட்டித் தாவல் வேணும். இந்தத் தடவை மெஷினை நானே அனுப்பறேன்."

"சரிங்க. டீயை எடுத்துடறேன்."

"எடுக்கச் சொன்னேனா?" என்றான் ஹிராகா. அப்போதும் அவன் முகத்தில் அதிர்ச்சி போகவில்லை. கடைக்குள்ளே டாக்சிக்காரர் எப்படியோ தட்டுத் தடுமாறிக் கிடங்கு வரை வந்துவிட்டிருந்தார். குட்டித் தாவல் தாவலாம், பொத்தான் நன்றாக இருக்கிறது. அவர் கையை எடுத்துவிட்டு "டீ" என்றார். எல்லாக் கைகளும் எழுந்தன.

மாச முடிவு வரை கொதானி மிசாவோவோடு நேராகப் பேசவில்லை. ஆனால் தாகோயாகி வாங்கினால் அவள் மேசையில்தான் முதலில் வைத்தார். குட்டித் தாவலை எழுதுவது அவளுக்குப் பெரிய பாடாக இல்லை. எழுதியதைச் சோதிக்க வேண்டுமே, அதற்குத்தான் அவள் விரல் மறுத்தது. ஒரு வருஷம் ஒட்டுகிற பொத்தானில் பழகிய விரல், லேசாகத் தட்டு என்றால் தட்ட மாட்டேன் என்றது. பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுத் தட்டச் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசி நாள் காலையில் ஹிராகா போன் செய்தான், முடிவில் ஓடும் பெயர்களைச் சொல்ல. டோக்கியோ கம்பெனியில் யாருக்கும் சொந்தப் பெயர் போட அனுமதி இல்லை. போட்டால் வேறு கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். அதனால் எல்லாம் புனைபெயர். அவன் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். கதை: பட்டினிப் பூனை. படம்: வழுக்கை. இசை: மூணாம் மாடி. வெளியாட்கள் பெயர் எப்போதும் வராது, அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

"அவ்வளவுதானேங்க?"

"இன்னும் ஒண்ணு. தேநீர்."

"தேநீரா?" அடித்தாள். "சரி. பேரு?"

"சோடாம்மா."

மிசாவோவின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. போனில் அவன் காத்திருந்தான். அடுத்த மேசையிலிருந்து கொதானி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஆச்சு? மறுபடி ஏதாவது தப்பா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அந்தப் பெயரை அடித்தாள். முதல் முறை எழுத்துப் பிழையாக அடித்துவிட்டு, அழித்து, திரும்ப அடித்தாள்.